கொலுசு மணி ஆடட்டும், கால் ஆட வேண்டாம்

(விளம்பரப் படம் எடுப்பது குறித்த வாசகர் கேள்விகளுக்குச் சேலத்தில் ஸ்டுடியோ நடத்தும் புகைப்படக்காரர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்களுடையது கொலுசுக் கடை. வீடியோ எடுக்க இப்போதைக்கு வசதியில்லை. கையில் இருக்கும் போட்டோவையே லேசாக அசைய வைத்து ஸ்டேட்டஸில் போடலாமா? தெரிந்த தம்பி ஒருவர் செய்து தந்தார்; நட்சத்திரம் நட்சத்திரமாக மின்னுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: எனக்கும் பிடிக்காதுங்க. வெள்ளி தானாக மின்னாது. காலோ வெளிச்சமோ நகர்ந்தால்தான் மின்னும். இரண்டும் நகராமல் நட்சத்திரம் மட்டும் தெறித்தால் பார்ப்பவர்களுக்குக் கவரிங் ஞாபகம்தான் வரும்.

படத்தில் எல்லாம் அப்படியே நிற்கட்டும். ஒரே ஒரு மணி ஆடட்டும். மணியைத் தனி லேயராக (படத்தின் மேல் தனி அடுக்காக) வெட்டி எடுத்து, அது இருந்த இடத்தைப் பக்கத்துத் தோலின் நிறத்தால் நிரப்பச் சொல்லுங்கள். ஆட்டத்தின் மையப்புள்ளி மணியின் நடுவில் இருக்கக் கூடாது, அது தொங்கும் வளையத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மணி பம்பரமாகச் சுற்றும். இரண்டு ஓரங்களிலும் வேகம் குறைந்து, நடுவில் கூட வேண்டும். அப்புறம் நிழல். மணி ஆடும்போது கணுக்காலில் விழுந்த நிழல் ஆணி அடித்தது போல நின்றால், ஏதோ சரியில்லை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். நிழலையும் வெட்டி, மணியோடு சேர்த்தே நகர்த்த வேண்டும்.

பளபளப்பும் வேண்டும் என்றால், அதே படத்தின் நகலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி மேலே வைத்து, ஓரம் மங்கிய மாஸ்க் (அந்த நகலில் ஒரு பகுதியை மட்டும் காட்டும் மறைப்பு) ஒன்றைக் கொலுசின் மேல் மெதுவாக நகர்த்தினால் போதும். அளவோடு. நம் ஊர்க்காரர்கள் கொலுசைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கொலுசில் இல்லாத பாலிஷைப் படத்தில் ஏற்றினால் கடையில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறேன். காபிக் கோப்பையில் ஆவியும், பின்னால் பனியும் நகர வேண்டும். பழைய போட்டோவில் முடியுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: பனி முடியும். அதற்கு ஓரம் கிடையாது, அதனால் கொஞ்சம் ஏமாற்றலாம். மோஷன்லீப் மாதிரி செயலியில் பனி போகும் திசைக்கு அம்புக்குறி இழுத்து, மரங்களையும் கைப்பிடிச் சுவரையும் அசையாமல் பூட்டிவிடுங்கள். ஆவியை மட்டும் புதிதாக எடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, கோப்பைக்குப் பின்பக்கம் இருட்டான இடம், பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், பத்து விநாடி வீடியோ. அதில் ஒரு காட்சியை உறைய வைத்து, ஆவி இருக்கும் இடத்தை மட்டும் ஓட விட வேண்டும். கடைசி ஒரு விநாடியை முதல் விநாடியின் மேல் கரைத்துச் சேர்த்தால் ஒட்டு தெரியாது. 2011இல் நியூயார்க்கில் ஜேமி பெக், கெவின் பர்க் இருவரும் பேஷன் படங்களில் இப்படி ஒரு பகுதியை மட்டும் அசைய விட்டு, அதற்குச் சினிமாகிராஃப் என்று பெயர் வைத்தார்கள்.

வீடியோ எடுக்கும் இடத்தில் டியூப்லைட் எரிந்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு ஒத்துப்போகாத வேகத்தில் படம் துடிக்கும்.

கேள்வி: அசையும் படத்தைச் செய்து தருபவரிடம் ஜிஃப் கோப்பாகக் கேட்கலாமா, வீடியோவாகவா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: வீடியோதான், எம்பி4. ஜிஃப் 1987இல் வந்தது, ஒரு காட்சிக்கு 256 நிறம்தான் தாங்கும். பனியெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும்.