பைலட்டுக்கே மயக்கம் வந்தால்? கேப்டனிடம் கேளுங்கள்

கேள்வி: சார், நடுவானில் கேப்டன் மயங்கிட்டா விமானம் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கோ-பைலட் எடுபிடி இல்லை. தனியாக இறக்கவும் தெரிந்தவர். 2015 அக்டோபரில் ஃபீனிக்ஸிலிருந்து பாஸ்டன் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் கேப்டன் இறந்தேபோனார். கோ-பைலட் சிரக்யூஸில் பத்திரமாக இறக்கினார்.

கேள்வி: பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கார், உடனே தெரிஞ்சிடாதா?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் தெரியும். ஆனால் சில சமயம் கண் திறந்திருக்கும், கை கருவிமேல் இருக்கும், ஆனால் புத்தி அங்கே இருக்காது. எங்களுக்குப் பயம் அதுதான். 1972-இல் லண்டன் அருகே ஸ்டெயின்ஸில் ட்ரைடென்ட் விமானம் விழுந்து 118 பேர் இறந்தார்கள். கேப்டனுக்கு இதயக் கோளாறு இருந்தது. வெளியே தெரியாத இந்த மாதிரி நிலையைக் கண்டுபிடிக்கப் பயிற்சி இல்லாததையும் விசாரணை ஒரு காரணமாகச் சொன்னது.

இப்போது ஓடுபாதையில் வேகம் ஏறும்போது, ஏர்பஸ் என்றால் 100 நாட் (விமான வேகத்தின் அளவு), போயிங் என்றால் 80 நாட் வந்ததும் ஒருவர் சத்தமாகச் சொல்வார். மற்றவர் ‘செக்ட்’ (சரிபார்த்தாயிற்று) என்று பதில் சொல்ல வேண்டும். இரண்டு பக்க வேகமானியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டுமில்லை, ஆள் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கவும்தான். இரண்டு தடவை கூப்பிட்டும் சரியான பதில் இல்லையா, கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சீனியர் கையிலிருந்து பிடுங்க ஜூனியருக்குக் கை வராது. சிமுலேட்டரில் நாங்கள் முதலில் உடைப்பது அந்தத் தயக்கத்தைத்தான்.

கேள்வி: கருவி மேலேயே சாய்ந்துட்டா?

ஏர்பஸ்ஸை ஓட்டும் சைட்ஸ்டிக்கில், அதாவது பைலட் பக்கவாட்டில் இருக்கும் சிறு கைப்பிடியில், ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அழுத்திப் பிடித்தால் எதிர்ப்பக்க ஸ்டிக் வேலை செய்யாது. 40 விநாடி பிடித்துவிட்டால், கையை எடுத்த பிறகும் அப்படியே நிற்கும். போயிங்கில் இரண்டு பக்கமும் இணைந்தே அசையும், ஆளை விலக்கியாக வேண்டும். எந்த விமானமானாலும் முதலில் ஆட்டோ பைலட்டைப் போட வேண்டும், அப்புறம் கேபின் க்ரூவுக்கு அழைப்பு. அவர்கள் வந்து தோள் பெல்ட்டைப் பூட்டி, இருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்த்துவிடுவார்கள். மயங்கிய உடம்பு கனக்கும். ஒரே ஆளால் முடியாது. கட்டுப்பாட்டு அறைக்கு ‘மேடே’ என்ற அவசர அழைப்பைச் சொல்வதும் இதற்கிடையில்தான்.

கேள்வி: கொஞ்ச நேரத்தில் தெளிஞ்சுட்டார்னா?

சந்தோஷம். ஆனால் அந்தப் பயணத்தில் மறுபடி கருவியைத் தொடக் கூடாது.

கேள்வி: ஒருத்தரே இறக்கும்போது எதில் சிரமம்?

வேலைப் பளுதான். அதனால் அருகிலிருக்கும் நீளமான ஓடுபாதை, முடிந்தால் தானியங்கித் தரையிறக்கம். சில விமானங்களில் தரையில் திருப்பும் சிறு சக்கரம் கேப்டன் பக்கம் மட்டுமே இருக்கும். அப்போது கோ-பைலட் ஓடுபாதையிலேயே நிறுத்திவிட்டு, இழுவை வண்டிக்குக் காத்திருப்பார்.

கேள்வி: ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆயிட்டா?

வயிற்றுக் கோளாறுதான் அடிக்கடி வருவது. அதனால் இருவருக்கும் வெவ்வேறு சாப்பாடு. காற்றழுத்தம் குறைவது அதைவிட ஆபத்து. 2005-இல் ஹீலியோஸ் விமானத்தில் இருவருமே ஆக்சிஜன் குறைந்து நினைவிழந்தார்கள்; 121 பேரும் இறந்தார்கள். காற்றழுத்த எச்சரிக்கை ஒலித்தால் காரணம் தேடுவதெல்லாம் மாஸ்க் போட்ட பிறகுதான்.