வெந்நீர்த் தொட்டியில் இரண்டரை மணி நேரக் கச்சேரி

கேள்வி: என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 67 வயது. தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டில் ஆத்தாவோடு இருக்கிறார்கள். போன வருஷம் வீட்டைப் பழுது பார்த்தபோது, இரண்டாங்கட்டுக்குப் பின்னால் புதுக் குளியலறை கட்டி ஒரு பாத்டப்பும் வைத்தோம். முழங்கால் வலிக்கு வெந்நீரில் உட்கார்ந்தால் இதமாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார்கள். இப்போது பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அதில் டேப்லெட்டை வைத்து, சார்ஜரையும் செருகிக்கொண்டு சினிமா பார்க்கிறார்கள். மார்கழி வந்தால் சென்னைக் கச்சேரிகள் நேரலையில், முழுசாக. தண்ணீர் ஆறினால் கீசரைத் திறந்து சூடு ஏற்றிக்கொள்கிறார்கள். இரண்டு தடவை எழுந்திருக்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்து நின்றார்களாம். பிபி, சர்க்கரை, புராஸ்டேட் மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். “வெந்நீர் பிபிக்கு நல்லதுதானே” என்கிறார்கள். நிறுத்தச் சொல்லலாமா? அதற்குப் பதிலாகக் காலை மட்டும் வெந்நீரில் வைக்கலாமா? லீவுக்கு வரும் என் 4 வயது மகனும் ஐயாவோடு (தாத்தாவோடு) உட்கார்ந்து படம் பார்க்கவேண்டும் என்கிறான். (வாசகி, கோவை)

பதில்: ஒரேயடியாக நிறுத்தவேண்டியதில்லை அம்மா. ஆனால் உங்கள் அப்பச்சியை அவர்களுடைய மருத்துவர் ஒரு தடவை பார்க்கும்வரை அந்த டப்பில் இறங்க வேண்டாம். சினிமாவோ கச்சேரியோ இதற்குக் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு தடவை கண் இருட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அந்தச் சில நொடிகள் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். இதுவரை கைக்குச் சுவர் கிடைத்தது. 67 வயதில் ஈரத் தரையில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். ஆள் இல்லாத நேரத்தில் மயங்கித் தண்ணீருக்குள்ளேயே சரிந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை.

வெந்நீரில் உட்கார்ந்ததும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்த அழுத்தம் இறங்குகிறது. அந்த அளவில் உங்கள் அப்பச்சி சொல்வது சரிதான். கழுத்தளவு தண்ணீரில் இன்னொன்றும் நடக்கிறது. சுற்றியிருக்கும் தண்ணீர் கால்களையும் வயிற்றையும் அழுத்துவதால் அங்கிருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறுகிறது. ரத்தம் கூடிவிட்டது என்று எண்ணிக்கொண்டு சிறுநீரகம் கூடுதலாக நீரைப் பிரிக்கிறது. வியர்வையாகவும் நீர் போகிறது, தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரிவதில்லை. இப்படி ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போன பிறகு சட்டென்று எழுந்தால், தண்ணீரின் அழுத்தம் ஒரே நொடியில் இல்லாமல் போகிறது. விரிந்த குழாய்கள் விரிந்தபடியே இருக்கின்றன, ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது. உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் சுகமாக இருந்தவர்களுக்கு எழுந்த பிறகு கண் இருட்டுவது இதனால்தான்.

இதோடு மாத்திரைகளும் சேர்கின்றன. அம்லோடிபின் போன்ற பிபி மாத்திரைகள் வெந்நீர் செய்கிற அதே வேலையைத்தான் செய்கின்றன, குழாய்களை விரிக்கின்றன. நீர் பிரிய வைக்கும் மாத்திரை இருந்தால் உடம்பில் நீர் இன்னும் குறையும். புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் வகை மாத்திரைக்கும் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும் குணம் உண்டு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை, அது சிறுநீர் மாத்திரைதானே என்று விட்டுவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளும் அழுத்தம் இறங்கும். விருந்துச் சாப்பாடு முடித்த கையோடு டப்பில் இறங்கினால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். இதைப் படித்துவிட்டு மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். அப்பச்சியை ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிபி பாருங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு தடவை பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, வெந்நீர் இல்லாமலேயே அவர்களுக்கு இந்தக் குறை இருக்கிறது என்று பொருள். குறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றவேண்டியிருக்கலாம்.

சர்க்கரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பச்சி இன்சுலின் போடுவதாக நீங்கள் எழுதவில்லை. போடுகிறவர்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள், ஊசி போட்டபின் வெந்நீரில் உட்கார்ந்தால் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறும், சர்க்கரை எதிர்பாராமல் இறங்கும். கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கலாம். சர்க்கரை இறங்குவதற்கு வெளியே தெரியும் முதல் அடையாளம் வியர்வையும் படபடப்பும். வெந்நீரில் வியர்த்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

இனி திரைக்கு வருகிறேன். வெந்நீரில் சும்மா உட்கார்ந்திருப்பவர் பத்து, பதினைந்து நிமிடத்தில் தானாகவே எழுந்துவிடுவார். முகம் சிவக்கும், நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும், நாக்கு வறளும், ‘போதும்’ என்று உடம்பு சொல்லிவிடும். திரையில் மனசு லயித்துவிட்டால் இது எதுவும் காதில் விழாது. சினிமாவையாவது நிறுத்திவிட்டு எழலாம். நேரலைக் கச்சேரியில் ஆலாபனை தொடங்கிவிட்டால் ரசிகர் எவரும் எழுந்திருக்கமாட்டார், எழுந்தால் அது போய்விடும் என்ற எண்ணம்தான் இருக்கும். கச்சேரி கேட்கிறவன் என்கிற முறையில் எனக்கும் அது புரிகிறது. ஆனால் சூடான நீருக்கு வைத்திருக்கும் அளவோடு இது ஒத்துப்போகாது. வெந்நீர்த் தொட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் உச்ச வரம்பு 40 டிகிரி செல்சியஸ், நேரம் 15 நிமிடம். தினமும் தொட்டியில் அமிழ்ந்து குளிப்பது ஜப்பானியர்களின் வழக்கம். அங்கே குளிர்காலத்தில் முதியவர்கள் தொட்டியிலேயே இறந்துபோவது பெரிய பிரச்சனையாக இருக்கிறது. 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம் என்று அந்த நாட்டு அரசே மக்களுக்குச் சொல்லியிருக்கிறது. சூடு குறையக் குறைய கீசரைத் திறந்துகொண்டே இருந்தால் இரண்டரை மணி நேரம் உடம்புக்குச் சூட்டை இறக்க வழியே கிடைக்காது.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு அப்பச்சி இப்படிச் செய்யலாம். தண்ணீர் 37, 38 டிகிரி போதும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கால் வைத்துச் சூடு பார்க்கக் கூடாது, சர்க்கரை நாள்பட்டிருந்தால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். ஆத்தா முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே நிற்கட்டும். நேரம் பத்து நிமிடம். அதற்கு அலாரம் வைப்பதோடு விடாமல், ஆத்தா வந்து கூப்பிடவேண்டும். அலாரத்தைக் கை நீட்டி நிறுத்திவிடலாம், ஆத்தாவை நிறுத்த முடியாது. இறங்குமுன் ஒரு டம்ளர் தண்ணீர், ஏறியபின் ஒரு டம்ளர். கச்சேரியில் முதல் பத்து நிமிடத்தை டப்பில் கேட்கலாம். மீதியெல்லாம் வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) சாய்வு நாற்காலியில் கேட்கட்டும், காதுக்கும் அதுதான் சுகம்.

எழுந்திருக்கும் முறைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முதலில் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடியவிடவேண்டும். முழுசாக வடியும்வரை உட்கார்ந்தே இருக்கவேண்டும். பாதங்களை மேலும் கீழும் இருபது தடவை அசைத்துவிட்டு, டப்பின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்து, கைப்பிடியைப் பிடித்து எழவேண்டும். கைப்பிடி இல்லையென்றால் இந்த வாரமே சுவரில் பொருத்துங்கள். தலை சுற்றினால் நிற்க முயலாமல் அங்கேயே உட்கார்ந்து தலையைக் குனியவேண்டும். நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் தெளியாவிட்டாலோ, வாய் கோணினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

சார்ஜர் பற்றி எழுதும்போதே எனக்குப் பதறுகிறது. ஈரக் கையால் அதைத் தொடுவதும், கேபிள் நழுவித் தண்ணீரில் விழுவதும் உயிரை எடுக்கக்கூடும். டேப்லெட்டைச் சார்ஜ் ஏற்றிவிட்டுக் கொண்டுவரட்டும். குளியலறைக்குள் செருகிய வயர் எதுவும் இருக்கக் கூடாது, நீட்டிப்புப் பெட்டியும் கூடாது. டேப்லெட்டை டப்பிலிருந்து கை எட்டாத சுவர் அலமாரியில் வையுங்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவும் கரண்ட் வருவதற்கு முன் கட்டியவை. ஒயரிங் பின்னாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள். கீசருக்கும் இது வேண்டும்.

வீடும் ஒரு காரணம்தான். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்கட்டிலிருந்து கூப்பிட்டால் முகப்பில் இருப்பவர்களுக்குக் கேட்காது, கேட்கும் அளவுக்குக் கூப்பிடவும் மயங்குகிறவரால் முடியாது. டப்பிலிருந்து கை எட்டும் இடத்தில் பேட்டரியில் ஓடும் அழைப்பு மணி ஒன்று வையுங்கள், உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கண்ணாடி மேல் வார்ப்பதால் அதற்கு அந்த வழவழப்பு வருகிறது, ஈரம் பட்டால் வழுக்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு டப்பில் உட்காரும் பழக்கம் இருந்தால் அன்று டப்பும் வழுக்கும், தரையும் வழுக்கும். எண்ணெய்க் குளியலை முக்காலியில் உட்கார்ந்தே முடிக்கட்டும்.

காலை மட்டும் வெந்நீரில் வைப்பது மாற்றுவழி என்று கேட்டிருக்கிறீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. உணர்ச்சி குறைந்த பாதம் வெந்ததே தெரியாமல் வெந்துவிடும், விரலிடுக்குத் தோல் ஊறி வெடிக்கும், புண் ஆறாமல் நாள் கணக்கில் இழுக்கும். முழங்கால் வலிக்கு, மடித்த துணிமேல் வெதுவெதுப்பான ஒத்தடம் பதினைந்து நிமிடம் போதும். அதோடு நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணி இறக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யட்டும். கச்சேரி கேட்டுக்கொண்டே செய்யலாம். வெந்நீரைவிட இதுதான் நாள்பட நிற்கும்.

உங்கள் மகன் அந்த டப்பில் இறங்க வேண்டாம். சின்ன உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். குழந்தை தண்ணீரில் மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே வராது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐயாவுக்கு, எவ்வளவு பாசம் இருந்தாலும், அது தெரியாது. ஐயாவோடு படம் பார்க்க வளவு இருக்கிறது. அவன் வீட்டில் இருக்கும் நாட்களில், குளித்து முடித்த உடனே டப்பை முழுசாக வடித்துவிட்டு, குளியலறைக் கதவுக்கு வெளியே அவனுக்கு எட்டாத உயரத்தில் கொக்கி போடுங்கள். நாலு விரல் தண்ணீர் நின்றாலும் நாலு வயதுக் குழந்தைக்கு ஆபத்துதான்.