கணினி கேள்வி பதில்: லினக்ஸுக்குத் தெரிகிற பார்ட்டிஷன் விண்டோஸுக்கு ஏன் தெரியவில்லை?

கேள்வி: வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றில் லினக்ஸை வைத்துப் பார்ட்டிஷன் போட்டு, விண்டோஸிலும் திறக்க வேண்டுமே என்று என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) ஆக ஃபார்மேட் செய்தேன். லினக்ஸில் நன்றாகத் திறக்கிறது, ஃபைல்களும் நிறைய ஏற்றிவிட்டேன். விண்டோஸில் செருகினால் டிரைவ் எழுத்தே வரவில்லை. பார்ட்டிஷனின் வகை எண்ணை 83லிருந்து 7 ஆக மாற்றச் சொல்கிறார் நண்பர். மாற்றினால் ஃபைல்கள் போய்விடுமா?

பதில்: போகாது, நண்பர் சொன்னது சரிதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பார்ட்டிஷன் மேல் ரைட் கிளிக் செய்தால் பெரும்பாலும் ‘டெலீட் வால்யூம்’ ஒன்றுதான் அழுத்தக் கிடைக்கும், வேறு வழியில்லை போலிருக்கிறது என்று அதை அழுத்திவிடாதீர்கள்.

உங்கள் டிஸ்க்கில் இருப்பது எம்பிஆர் என்கிற, பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் பழைய முறை. 1983இல் டாஸ் 2.0உடன் வந்தது. டிஸ்க்கின் முதல் செக்டர் (டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு துண்டு) 512 பைட், அதில் 446 பைட் தாண்டியதும் நான்கு பார்ட்டிஷன்களுக்கான அட்டவணை. ஒவ்வொன்றுக்கும் 16 பைட்தான் இடம். எங்கே தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம், பூட் ஆகுமா என்பதோடு, உள்ளே இருப்பது எந்த வகை என்று சொல்ல ஒரே ஒரு பைட். 83 என்றால் லினக்ஸ், 7 என்றால் என்டிஎஃப்எஸ், 82 என்றால் லினக்ஸ் ஸ்வாப், அதாவது நினைவகம் போதாதபோது பயன்படும் இடம் (எல்லாம் பதினாறடிமான எண்கள், அதாவது ஹெக்ஸாடெசிமல்; ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும்). லினக்ஸில் புதிதாகப் பார்ட்டிஷன் போட்டால் வேறு ஏதும் சொல்லாதவரை 83 என்றே எழுதப்படும். அதற்கப்புறம் நீங்கள் ஓட்டிய ஃபார்மேட் கட்டளை பார்ட்டிஷனுக்கு உள்ளேதான் எழுதும், வெளியே முதல் செக்டரில் கிடக்கிற அட்டவணையைத் தொடவே தொடாது. ஆக உள்ளே என்டிஎஃப்எஸ், வெளியே 83. விண்டோஸ் வெளியே இருக்கிற எண்ணைப் பார்க்கிறது, நம்முடையது இல்லை என்று ஒதுங்கிவிடுகிறது.

டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டு லினக்ஸின் பார்ட்டிஷன் கருவியான எஃப்டிஸ்க்கைத் திறந்து, ‘டி’ (t) கொடுத்து, பார்ட்டிஷன் எண்ணையும் 7ஐயும் கொடுங்கள். ‘பி’ (p) அடித்து தொடக்க செக்டரும் கடைசி செக்டரும் முன்பிருந்தபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள், அப்புறம் ‘டபிள்யூ’. அது வரைக்கும் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது, சந்தேகம் வந்தால் ‘க்யூ’ போட்டு வெளியே வந்துவிடலாம். மாறப் போவது ஒரே பைட். எந்த டிஸ்க்கைத் திறந்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் இரண்டு முறை பாருங்கள், ஃபைல்கள் தொலைவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: அப்படியானால் லினக்ஸ் மட்டும் எப்படிச் சரியாகக் கண்டுபிடிக்கிறது?

பதில்: அது உள்ளே எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு கோப்பு முறையும் தனக்கென்று ஓர் அடையாளத்தைக் குறிப்பிட்ட இடத்தில் எழுதி வைக்கும். என்டிஎஃப்எஸ் என்றால் பார்ட்டிஷனின் நான்காவது பைட்டிலிருந்து அந்தப் பெயரே எழுத்து எழுத்தாக இருக்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி வகைக் கோப்பு முறைகளுக்கு 1024 பைட் தள்ளி சூப்பர்பிளாக் என்ற விவரப் பகுதி, அதற்குள் ஈஎஃப்53 என்று ஓர் எண். பிளாக்-ஐடி மாதிரியான கருவிகள் இதையெல்லாம் தேடிப் பார்த்துத்தான் வகை சொல்கின்றன, அட்டவணையில் 83 இருந்தாலும் 7 இருந்தாலும் மவுன்ட் ஆகிவிடும்.

இதற்காக விண்டோஸை மட்டும் திட்ட மாட்டேன். தனக்குத் தெரியாததைத் தொடாமல் விடுவது மற்ற சிஸ்டங்களோடு ஒரே டிஸ்க்கில் இருக்கும்போது நல்ல குணம்தான். சிக்கல் என்னவென்றால் அந்த ஒரு பைட்டை யாரும் முறையாகப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை, அவரவர் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 7 முதலில் ஓஎஸ்/2 என்ற பழைய சிஸ்டத்தின் எச்பிஎஃப்எஸ் கோப்பு முறைக்குப் போனது, பிறகு என்டிஎஃப்எஸ், இப்போது எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு கோப்பு முறையும் அதே 7. அதனால் 7 என்று பார்த்த பிறகு விண்டோஸும் உள்ளே எட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். 82 கதை இன்னும் மோசம். லினக்ஸ் ஸ்வாப்பும் 82, சோலாரிஸ் என்ற வேறொரு சிஸ்டமும் 82. பிற்பாடு சோலாரிஸ் பிஎஃப் (BF) என்ற எண்ணுக்கு மாறியது.

லினக்ஸும் வகை எண்ணை முழுசாக ஒதுக்கிவிடவில்லை. எஃப்டி (FD) என்று போட்டால் பழைய வகை ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) என்று எடுத்துக்கொண்டு பூட் ஆகும்போதே கர்னல் தானாக அவற்றைச் சேர்க்கும்.

கேள்வி: எம்பிஆருக்குப் பதிலாக வந்த புதிய முறையான ஜிபிடி டிஸ்க்கிலும் இதே எண்கள்தானா?

பதில்: இல்லை. அங்கே வகைக்கு 16 பைட் நீளத்தில் ஒரு அடையாள எண், யாரோடும் மோதாது. சாதாரணமாக 128 பார்ட்டிஷன்கள் வரை இடம் உண்டு. 512 பைட் செக்டர் டிஸ்க்கில் எம்பிஆர் ஏறக்குறைய 2 டெராபைட்டோடு நின்றுபோவதும் இங்கே இல்லை. ஆனாலும் ஆரம்பத்தில் லினக்ஸ் கருவிகள் மைக்ரோசாஃப்ட்டின் ‘பேசிக் டேட்டா’ அடையாளத்தையே தங்கள் பார்ட்டிஷனுக்கும் போட்டன. விண்டோஸ் அதைத் தன்னுடையது என்று நினைத்து எழுத்துக் கொடுத்து, ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று கேட்கும், அசந்து ‘ஆம்’ சொன்னால் தீர்ந்தது. அப்புறம்தான் லினக்ஸுக்குத் தனி அடையாளம் வந்தது. உங்களிடம் அந்தக் காலத்து டிஸ்க் இருந்தால் ஒருமுறை பார்த்து மாற்றிவிடுங்கள்.

சிஸ்டம்டி (சிஸ்டத்தைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) இருக்கிற லினக்ஸில் இந்த அடையாளங்கள் வேறு விதத்திலும் பயன்படும். எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதாவிட்டாலும் ஸ்வாப் எது, ஹோம் எது என்று வகையைப் பார்த்தே எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு.

கேள்வி: பழைய கருவி ஒன்றில் என் டிஸ்க்கைத் திறந்தால் முழுவதும் ஒரே பார்ட்டிஷன், வகை ‘ஈஈ’ (EE) என்று காட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: இல்லை. உங்கள் டிஸ்க் ஜிபிடி, அந்தக் கருவிக்கு எம்பிஆர் மட்டும்தான் தெரியும். ‘இது காலி டிஸ்க்’ என்று நினைத்து அதில் யாரும் கை வைத்துவிடக் கூடாதே என்று ஜிபிடி டிஸ்க்கின் முதல் செக்டரில் ஒரு பொய் எம்பிஆர் வைத்திருப்பார்கள், அதில் வரும் எண் அது. சேமிக்காமல் மூடிவிட்டு, ஜிபிடி தெரிந்த கருவியில் திறந்து பாருங்கள்.