சொந்த சர்வரா, கிளவுட் டேட்டாபேஸா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகம். 16 ஜிபி ரேம் சர்வரில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடுகிறது. மாலையில் எல்லோரும் பில் போடும்போது திணறுகிறது. 128 ஜிபி சர்வர் வாங்கலாமா, கிளவுடுக்கே (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வருக்கே) போய்விடலாமா?

ப: இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் 'பஃபர் பூல்' அளவு, யாரும் தொடாவிட்டால் வெறும் 128 எம்பிதான். அதை மாற்றாமல் எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் போட்ட பணத்துக்குப் பலன் கிடைக்காது. டேட்டாபேஸ் மட்டுமே ஓடும் சர்வர் என்றால் மொத்த ரேமில் பாதிக்கு மேலேயே தரலாம்.

அப்புறம் ஸ்லோ குவெரி லாக்கை ஆன் செய்யுங்கள். மென்பொருள் டேட்டாபேஸிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு குவெரி; தாமதமாகும் குவெரிகளைக் குறித்து வைக்கும் பதிவேடு இது. 10 விநாடிக்கு மேல் ஆவதை மட்டும்தான் அது வழக்கமாகப் பதியும். 1 விநாடியாகக் குறையுங்கள். அதில் சிக்கும் குவெரிகளுக்கு முன்னால் 'எக்ஸ்பிளெயின்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். 'டைப்' என்ற பத்தியில் 'ஆல்' என்று வந்தால், ஒரே ஒரு பில்லைத் தேட முழு டேபிளையும் படிக்கிறது என்று பொருள். வாடிக்கையாளர் எண், தேதி இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அந்த குவெரியைத் திருத்தாமல் கிளவுடுக்குப் போனால் அங்கேயும் அதே திணறல்தான், மாதக் கட்டணத்தோடு. இன்னொன்று: மென்பொருள் திருப்பூரிலும் டேட்டாபேஸ் மும்பையில் உள்ள கிளவுட் சர்வரிலும் இருந்தால், ஒவ்வொரு குவெரியும் அங்கே போய்த் திரும்ப வேண்டும். ஒரு திரைக்கு 200 குவெரி அனுப்பும் பழைய மென்பொருளில், ஒன்றுக்கு 30 மில்லி விநாடி என்று வைத்தாலும் 6 விநாடி ஆகிவிடும். போவதானால் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.

கே: கிளவுடில் வைத்தால் பேக்கப் கவலை இல்லைதானே?

ப: குறையும், போகாது. அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் தானாக எடுக்கும் பேக்கப் அதிகபட்சம் 35 நாள்தான் நிற்கும். போன வருடக் கணக்கு வேண்டுமென்றால் தனியாக நகல் வைக்க வேண்டும். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நகல் வேறு ஊரில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து (மீட்டெடுத்து), நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

கே: எது மலிவு?

ப: நாள் முழுக்க ஒரே சீரான வேலை, பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு என்றால் நான்கைந்து வருடக் கணக்கில் சொந்த சர்வர்தான் மலிவு. ஆனால் யுபிஎஸ், ஏசி, மாற்று சர்வர், ஆள் சம்பளம் எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். கிளவுடில் தரவை வெளியே எடுப்பதற்கும் கட்டணம் உண்டு. சோதனைக்கு உருவாக்கி நிறுத்திவைத்த ஆர்டிஎஸ் டேட்டாபேஸ் 7 நாளில் தானாகவே மறுபடி ஓட ஆரம்பித்துவிடும், வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள்.

கே: எங்கள் பள்ளியில் கணினி தெரிந்தவர் ஒரே ஒருவர். அவரும் அடுத்த மாதம் விலகுகிறார்.

ப: அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், கிளவுடுக்குப் போங்கள். டிஸ்க் பழுதானால் இரவில் எழுந்து வர ஆளில்லாத இடத்தில் சொந்த சர்வர் ஆபத்து. அவர் கிளம்புவதற்குள் மாற்றத்தை முடித்துவிடுங்கள். கிளவுட் கணக்கை அவருடைய மின்னஞ்சலில் தொடங்காமல் பள்ளியின் மின்னஞ்சலில் தொடங்குங்கள்.