பி.டி. பீரியடில் பாட்டில் காவல்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். லேசான மூளை முடக்குவாதம். வலது காலைச் சற்று இழுத்து நடப்பாள். பி.டி. பீரியடில் எல்லாரும் விளையாட, இவள் மரத்தடியில் வாட்டர் பாட்டில்களுக்குக் காவல் இருக்கிறாள். "விழுந்துட்டா யாரும்மா பொறுப்பு?" என்கிறார் மாஸ்டர். டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்து விலக்கு வாங்கிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தால் பிளஸ் டூ வரை அவளுக்கு மரத்தடிதான்.

டாக்டரிடம் வேறொரு கடிதம் கேளுங்கள். அவள் என்னென்ன செய்யலாம், எதில் கவனம் தேவை, எப்போது ஓய்வு என்று எழுதித் தரட்டும். ஒரு விசிலை வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதையும் சமாளிக்கிற மாஸ்டரின் பயம் பொய்யில்லை. கையில் எழுத்து இருந்தால் அவருக்கும் தைரியம் வரும்.

இந்தப் பாதிப்பில் தசைகள் இறுகும். அசையாமல் இருந்தால் இறுக்கம் கூடும். நடப்பதற்கே மற்ற பிள்ளைகளைவிட அதிகத் தெம்பு செலவாகும். அந்தத் தெம்பை வளர்க்க வேண்டிய பிள்ளையையா உட்கார வைப்பது? 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கும் அதே 60தான்.

மாற்ற வேண்டியது ஆட்டத்தை. பாராலிம்பிக்கில் உட்கார்ந்து ஆடும் வாலிபால் உண்டு. பெண்களுக்கு வலையின் உயரம் 1.05 மீட்டர்தான். பள்ளியிலும் ஒரு கயிற்றைத் தாழக் கட்டி, வகுப்பையே தரையில் உட்கார வைத்து ஆடலாம். நன்றாக ஓடுகிற பிள்ளைகள்தான் முதலில் திணறுவார்கள்! அப்புறம், "ஸ்கோர் எழுதட்டுமே" என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏமாறாதீர்கள். அதில் வியர்க்காது.

மாரியப்பன் தங்கவேலு கதையை மகளிடம் சொல்லி மலைக்க வைக்காதீர்கள். அவள் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. மாஸ்டரிடம் சொல்லுங்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற அவரை அடையாளம் கண்டதும் ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான்.

பேச்சு எடுபடாவிட்டால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 16 என்று குறிப்பிடுங்கள். விளையாட்டிலும் சம வாய்ப்பு தர வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதற்கும் அசையவில்லையா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மகளுக்கு எந்த விளையாட்டு பிடிக்கும் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே? பள்ளிக்குப் போகுமுன் அவளிடம் கேட்டுவிடுங்கள்.