‘சுவற்றில்’ எழுதலாமா? எழுதும்போது இடறும் தமிழ் – கேள்வி பதில்

கேள்வி: ‘இந்தச் சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று ஊரெங்கும் எழுதியிருக்கிறது. சரியா?

பதில்: தப்பு. ‘று’ என்று முடியும் சொல்லுக்குத்தான் ‘ற்றில்’ வரும்: ஆறு, ஆற்றில், கிணறு, கிணற்றில், வயிறு, வயிற்றில். சுவர் ‘ர்’ என்று முடிகிறது. தேரில், ஊரில், நீரில் என்பதுபோல் சுவரில் என்றுதான் வரவேண்டும். ஊரை யாரும் ‘ஊற்றில்’ என்று எழுதுவதில்லையே! ‘சுவறு’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. அதற்கு வற்றிப்போதல் என்று பொருள்.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறேன். வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ‘வாழ்த்துகள்’ என்றே அடியுங்கள். வாழ்த்துச்செய்தி, வாழ்த்துப்பா என்று ஒற்று வருவதால் இங்கும் வரவேண்டும் என்பார்கள். செய்தியும் பாவும் தனிச்சொற்கள். ‘கள்’ வெறும் விகுதி. ஆனால் பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள் இவற்றில் ‘க்’ கட்டாயம். ஓரெழுத்து நெடிலாக இருந்தாலும் (பூ, ஈ), இரண்டும் குறிலாக இருந்தாலும் (பசு, தெரு) ஒற்று இரட்டிக்கும். ஆடு, மாடு, எழுத்து, கருத்து எதுவும் அந்தக் கணக்கில் வராது. பழைய அச்சுநூல்களில் ‘எழுத்துக்கள்’ என்றும் உண்டு. ஆகவே வாடிக்கையாளர் அடம்பிடித்தால் சண்டை வேண்டாம்.

கேள்வி: நாட்கள்?

பதில்: நாள்கள். தோள்கள், வாள்கள் என்றுதானே எழுதுகிறோம். ‘நாட்கள்’ என்றால் நாள்பட்ட கள் என்று கேலி செய்யும் புலவர்கள் உண்டு.

கேள்வி: ஐயா, ஒற்று எங்கே போடுவது என்பதே தலைவலி. சந்தேகம் வந்தால் போட்டுவிடுகிறேன். நல்ல வழியா?

பதில்: ஆபத்தான வழி. ‘அவன் வேலை தேடினான்’ என்றால் உத்தியோகம் தேடினான். ‘வேலைத் தேடினான்’ என்றால் முருகன் கையில் இருக்கிறதே, அந்த வேலை (வேல் + ஐ) தேடினான் என்று பொருள். உத்தியோகம் என்ற பொருளில் வரும்போது ‘ஐ’ உருபு மறைந்திருக்கிறது. மறைந்திருந்தால் ஒற்று வராது. உருபு வெளியே தெரிந்தால் வரும்: வேலையைத் தேடினான். பால் குடித்தான், பாலைக் குடித்தான் என்று சொல்லிப் பாருங்கள், காதே சொல்லிவிடும். ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்தது. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது.

க, ச, த, ப நான்கில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால்தான் இந்தப் பிரச்சினையே. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, ‘ஐ’, ‘கு’ இவற்றுக்குப் பின் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்: அந்தப் பையன், எனக்குக் கொடு. இதைப் பார்த்து ‘படித்தப் புத்தகம்’, ‘வந்தப் பையன்’ என்றும் எழுதுகிறார்கள். கூடாது. படித்த, வந்த எல்லாம் பெயரெச்சம்.

‘து’, ‘டு’, ‘று’ என்று முடியும் வினையெச்சத்தில் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். த், ட், ற் இருந்தால் போடுங்கள்: படித்துப் பார், கேட்டுச் சொல், விற்றுப் போனது. மற்றபடி வேண்டாம்: வந்து பார், சென்று கேள், செய்து பார். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதிப் பிழை போய்விடும்.

கேள்வி: ரசீதில் 1,350 ரூபாயை எழுத்தால் எப்படி எழுதுவது?

பதில்: ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. மூன்று + நூறு = முந்நூறு. ‘முன்னூறு’ என்றால் முன்னால் உள்ள நூறு. முன் + நாள் ‘முன்னாள்’ ஆவதைப் போல. 500க்கு ஐந்நூறு. ‘நூற்றி ஐம்பது’ பேச்சோடு இருக்கட்டும்; எழுத்தில் நூற்று ஐம்பது.

கேள்வி: முயற்சிக்கிறேன், பதட்டம், அருகாமை: மூன்றும் தப்பு என்கிறாரே என் மேலாளர்?

பதில்: மேலாளர் சொல்வது சரி. மகிழ்ச்சிக்கிறேன் என்று சொல்வோமா? மகிழ்கிறேன். அப்படியே முயல்கிறேன், அல்லது முயற்சி செய்கிறேன். மாறு, மாற்றம், பதறு, பதற்றம். அருகாமைக்கு ‘அருகில்’ போதும். கல்லாமை, இல்லாமை போல அந்த ‘ஆமை’ எதிர்மறை.

கேள்வி: ஒரு, ஓர்? ஆங்கிலத்தில் ‘அ’, ‘அன்’ மாதிரிதானா?

பதில்: கிட்டத்தட்ட. உயிரெழுத்துக்கு முன் ஓர்: ஓர் ஊர், ஓர் ஆட்டோ. பிறமொழிச் சொல்லிலும் ஒலியைத்தான் பார்க்கவேண்டும்: ஓர் எம்.எல்.ஏ., ஆனால் ஒரு யூனிட். பேச்சு நடையில் ‘ஒரு ஆள்’ என்று எழுதினால் குடி முழுகாது.

கேள்வி: கைப்பேசியில் தட்டும்போது ண, ன, ந மூன்றும் குழம்புகின்றன.

பதில்: ண்ட, ந்த, ன்ற. டவுக்கு முன் ண், தவுக்கு முன் ந், றவுக்கு முன் ன்: வேண்டும், வந்தான், சென்றான். ‘வேன்டும்’ என்று ஒரு சொல் தமிழில் இருக்கவே முடியாது. சொல்லின் முதலெழுத்து எப்போதும் ந.

கேள்வி: ‘அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை?’ கடைசியில் கேள்விக்குறி?

பதில்: முற்றுப்புள்ளி. தெரியவில்லை என்று சொல்கிறீர்கள், கேட்கவில்லை. குறிக்கு முன்னால் இடைவெளியும் விடாதீர்கள். விட்டால் அது மட்டும் அடுத்த வரிக்குப் போய் அநாதையாக நிற்கும்.