ஓடும் மகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசித்தாலும் எழுதுவது இதுதான் முதல் முறை. என் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளியின் கிராஸ் கன்ட்ரி (புல்வெளியிலும் மேடு பள்ளத்திலும் ஓடுகிற நெடுந்தூர ஓட்டம்) அணியில் ஓடுகிறாள். ஒரு வருடமாக வீட்டில் ஓட்டத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் சில ஓட்டக்காரிகளை விடாமல் பார்க்கிறாள். அவர்களில் இரண்டு மூன்று பேர் ஈட்டிங் டிஸ்ஆர்டர் என்கிற உணவுக் கோளாறு வந்து, சிகிச்சை எடுத்து மீண்டவர்கள். 'நன்றாகச் சாப்பிடுங்கள், உங்கள் உடம்பை வெறுக்காதீர்கள்' என்றுதான் சொல்கிறார்கள். நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் அவர்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இவள் சாப்பாட்டைக் குறைத்தாளோ என்று இப்போது தோன்றுகிறது. சாதம் வேண்டாம், நெய் வேண்டாம், தோசைக்கு எண்ணெய் விடாதே என்கிறாள். நாங்கள் சைவம், அதனால் புரோட்டீன் போதவில்லையோ என்று ஒரு பயம். ஆனால் ஓடும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது, கோச் பாராட்டுகிறார். பீரியட்ஸும் நான்கு மாதமாக வரவில்லை, பந்தயம் இருக்கிற சீசனில் அந்தத் தொந்தரவாவது இல்லையே என்று இருக்கிறோம். கணவரோ 'ஸ்காலர்ஷிப் கிடைக்கிற நேரத்தில் அவளைக் குழப்பாதே' என்கிறார். என் கேள்வி இதுதான்: அந்த வீடியோக்களைப் பார்க்க விடலாமா, தடுக்க வேண்டுமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெயரை எடுத்துவிட்டு வெளியிடலாம் என்று சொன்னதற்கு நன்றி. உங்களைப் போல இன்னும் பல அம்மாக்கள் இருப்பார்கள் என்பதால்தான் கேட்டேன்.

கொஞ்ச நாளாகவே மோலி சைடலைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகளுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். 2015-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வென்றவர். அடுத்த வருடம் ஷூ கம்பெனிகள் ஒப்பந்தத்தோடு காத்திருக்க, அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை எடுக்கப் போனார். 2020 பிப்ரவரியில் அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக் தேர்வு ஓட்டம்தான் அவர் ஓடிய முதல் மாரத்தான். அதில் இரண்டாவதாக வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து சப்போரோவுக்கு மாற்றினார்களே, 2021-இல், அங்கே வெண்கலம். பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? நோயை வென்றார், பதக்கத்தை வென்றார் என்று எழுதித் தள்ளினார்கள். அதற்கு அப்புறம், அந்த நோய் தன்னிடம் திரும்பி வந்ததை சைடலே வெளிப்படையாகச் சொன்னார். முதல் செய்தி போன தூரத்தில் பாதிகூட இந்தச் செய்தி போகவில்லை.

இந்த மீட்புக் கதைகளில் எனக்கு இருக்கிற சிக்கல் இங்கேதான். கதை எப்போதும் பதக்கத்தில் முடிகிறது. பதினைந்து வயதுப் பெண் அதை எந்த வரிசையில் கேட்டுக்கொள்வாள் என்று யோசியுங்கள். முதலில் மெலிந்தாள், வேகமானாள், நோயில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் வேகமானாள். பெரிய ஓட்டக்காரியின் வாழ்க்கையில் அந்த நோயும் ஒரு கட்டம் என்று ஆகிவிடுகிறது. சிகிச்சை எடுத்து, பந்தயத்தை விட்டுவிட்டு, ஏதோ ஒரு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிற பெண்ணும் மீண்டவள்தான். அவளை யார் பின்தொடர்கிறார்கள்?

பேசுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அலாஸ்காவைச் சேர்ந்த அல்லி ஆஸ்ட்ராண்டர், 2017 முதல் 2019 வரை மூன்று வருடம் தொடர்ந்து கல்லூரி ஸ்டீபிள்சேஸ் (தடைகளைத் தாண்டி ஓடும் ஓட்டம்) சாம்பியன், 2021-இல் தான் சிகிச்சையில் இருந்ததை எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குத் தைரியம் வேண்டும். ஆனால் பொதுவாக இந்த ஓட்டக்காரி வீடியோக்களில் வாய் சொல்வது ஒன்று, கேமரா காட்டுவது ஒன்று. காலையில் ஓட்ஸ் கிண்ணம், அதன்மேல் எண்ணி வைத்த மாதிரி ப்ளூபெர்ரி. அப்புறம் கடிகாரத்தில் ஓடிய தூரம். அப்புறம் வயிறு தெரிகிற மேல்சட்டையில் ஒரு நீட்டல் பயிற்சி. 'நன்றாகச் சாப்பிடுங்கள்' என்பது காதில் விழும், கண் அந்தக் கிண்ணத்தை அளந்து வைத்துக்கொள்ளும். (சிகிச்சைக்கு முன்பு எலும்பும் தோலுமாக எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. நோயில் இருக்கிற பெண்ணுக்கு அந்த இடப்பக்கப் படம்தான் இலக்கு.)

போனும் சும்மா இருப்பதில்லை. பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றிய தாழ்வு எண்ணத்தை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அந்தக் கம்பெனிக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது 2021-இல் வெளியே வந்தது. மீண்ட கதையை நின்று பார்க்கிற பெண்ணும் எடை குறைக்கிற வீடியோவை நின்று பார்க்கிற பெண்ணும் அதற்கு ஒரே வாடிக்கையாளர்தான்.

ஆனால் தடுக்காதீர்கள். தடுத்தால் பள்ளிப் பேருந்தில் பார்ப்பாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள், அவள் எந்த இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள். சரி, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். 'பீரியட்ஸும் நான்கு மாதமாக வரவில்லை, அந்தத் தொந்தரவாவது இல்லையே.' நெய்யைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், தோசை எண்ணெயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், புரோட்டீனுக்காகப் பயந்திருக்கிறீர்கள். இதைப் போகிற போக்கில் நல்ல செய்தி மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஏம்மா, நான்கு மாதம்!

அவள் பெரியவளானபோது என்ன செய்தீர்கள்? நியூஜெர்சி என்றாலும் ஹால் பிடித்திருப்பீர்கள், பட்டுப்பாவாடை ஊரிலிருந்து வந்திருக்கும், தாய்மாமன் சீர் வீடியோ காலிலாவது நடந்திருக்கும். ஒரு தடவை வந்ததற்கு ஊரைக் கூட்டுகிறோம். நான்கு தடவை வராததற்கு ஒரு டாக்டரைக்கூடக் கூப்பிடவில்லை.

சம்பளம் பத்தாத மாதத்தில் குடும்பத்தில் என்ன செய்வோம்? வாடகையும் அரிசியும் நிற்காது. தள்ளிப்போடக் கூடியதைத் தள்ளிப்போடுவோம். உடம்பும் அப்படித்தான். இதயம், மூளை, ஓடுகிற தசை இவற்றுக்குக் கொடுத்தது போக மிச்சமில்லை என்றால், குழந்தை பெறுவதற்கான ஏற்பாட்டை முதலில் நிறுத்திவைக்கும். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற உத்தரவு குறையும், ஈஸ்ட்ரோஜன் குறையும், மாதவிடாய் நிற்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும். பெண்களுக்கு வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு வலுவில் 90 சதவீதம் வரை 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. உங்கள் மகளுக்கு இது சேர்க்கிற வயது. அவள் செலவழித்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு வேண்டுமென்றே பட்டினி கிடக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஓடுகிற தூரம் கூடி, சாப்பாடு பழைய அளவிலேயே இருந்தாலும் போதும். உழைப்புக்கு ஏற்ற சக்தி உடம்புக்குக் கிடைக்காத இந்த நிலையை ரெட்-எஸ் (RED-S) என்கிறார்கள், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014-இல் வைத்த பெயர். பையன்களுக்கும் வரும். ஆனால் பையனுடைய உடம்பு இப்படி மாதாமாதம் தகவல் அனுப்புவதில்லை. உங்கள் மகளின் உடம்பு நான்கு முறை அனுப்பியிருக்கிறது.

நேரம் குறைகிறது என்கிறீர்கள். குறையத்தான் செய்யும். எடை குறைந்தால் முதல் சில மாதங்களுக்குப் பல பேருக்கு வேகம் கூடும். கோச் தட்டிக்கொடுப்பார், தோழிகள் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். முதன்முதலில் நெய் வேண்டாம் என்றபோது உங்கள் வீட்டில் யாராவது 'சமத்து' என்றார்களா? யோசித்துப் பாருங்கள். அதற்கு அப்புறம்தான் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில், ஒரே இடத்தில் வலி வரும். விரலை வைத்துக் காட்டுவாள். எக்ஸ்ரேயில் முதலில் ஒன்றும் தெரியாமல்கூடப் போகலாம்.

மேரி கெய்ன் என்ற பெயரையும் மகளிடம் கேளுங்கள். 2013-இல், 17 வயதில், மாஸ்கோ உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடிய பெண். அப்புறம் நைக்கியின் ஆரெகன் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட வீடியோவில் அவர் நேராக நம்மைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டேன். இன்னும் மெலி, இன்னும் மெலி என்றார்களாம். மற்றவர்கள் முன்னால் நிறுத்தி எடை பார்த்தார்களாம். பயிற்சியாளர் ஆல்பர்டோ சலசார் குற்றச்சாட்டை மறுத்தார். கெய்னுக்கு மூன்று வருடம் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன. அவருக்கு நிர்ணயித்த எடை எவ்வளவு என்பது பத்திரிகைகளில் இருக்கிறது, நான் எழுத மாட்டேன். இந்த மாதிரிக் கட்டுரைகளில் இருக்கிற எண்களைத்தான் நோயில் இருக்கிற பிள்ளைகள் முதலில் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள்.

பாரிஸில் வினேஷ் போகாட் 100 கிராமுக்காகத் தகுதி இழந்தபோது நாம் எல்லாருமே அழுதோம். மல்யுத்தத்துக்கு எடைப் பிரிவு இருக்கிறது, சரி. ஓட்டத்தில் எந்த விதியிலும் தராசு கிடையாது. இருந்தும் அதை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் யார்?

நான் படித்த பள்ளியில் ஒரு பி.டி. டீச்சர் இருந்தார். நானும் 800 மீட்டர் ஓடினேன், மண்டலப் போட்டியைத் தாண்டவில்லை, அது வேறு கதை. டீச்சர் ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். அணியில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு நேராகவும் சிவப்பு மையில் தேதி. மாதாமாதம் போய்ச் சொல்ல வேண்டும், எங்களுக்கு உயிர் போகும். இரண்டு மாதம் தேதி விழவில்லை என்றால் அம்மாவுக்கு ஆள் அனுப்பிவிடுவார். அக்கறையால் என்று நினைத்துவிடாதீர்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போய்வருகிற பெண்கள் 'ஏதாவது ஆகிவிட்டால்' பழி தன்மேல் விழும் என்ற பயம். அந்த நோட்டை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும். எங்களை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. ஆனால் எங்களோடு ஓடிய ஒருத்திக்குத் தேதி விழாமல் போய், அம்மா வந்து அழுது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பிறகுதான் அவள் காலையில் ஒன்றுமே சாப்பிடாமல் ஓட வருகிறாள் என்பது வெளியே வந்தது. வீட்டில் சாப்பாடு இல்லை, அதனால் சாப்பிடவில்லை. அந்த அவமானத்தில்தான் அவளுக்குப் பள்ளியில் இரண்டு முட்டை கிடைத்தது.

உங்கள் மகளின் கையில் கார்மின் கடிகாரம் இருக்கும். தூக்கம், நாடித்துடிப்பு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எத்தனை நிமிடம், எல்லாம் அதில் இருக்கும். அதே செயலியில் மாதவிடாய்க் கணக்குக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். அதை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கோச்சிடம் போகவேண்டியதில்லை, உங்களிடம் வந்தால் போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இந்த வாரமே டாக்டர். நான்கு மாதம் வரவில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், எனக்கு எழுதிய மாதிரி நடுவில் செருகாதீர்கள். மூன்று மாதம் தாண்டினாலே பார்க்க வேண்டிய விஷயம் இது. பெரும்பாலும் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். அது வழக்கம். நீங்கள் பதறவும் வேண்டாம், மகளை என் டீச்சர் மாதிரி பார்க்கவும் வேண்டாம். இரும்புச் சத்து, வைட்டமின் டி, ஹார்மோன், தேவைப்பட்டால் எலும்பு ஸ்கேன் என்று போகும். கருத்தடை மாத்திரை கொடுத்து ரத்தம் வரவழைத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, எலும்புக்கு வேண்டியது சாப்பாடு. உணவு நிபுணர் ஒருவரும் மனநல ஆலோசகர் ஒருவரும் வேண்டியிருக்கலாம், விளையாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர்களாக இருந்தால் நல்லது. ஓட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னால் அவள் கத்துவாள். கத்தட்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்று ஏதாவது இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

நீ மெலிந்துவிட்டாய் என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். அவளுக்கு அது பாராட்டு.

சைவம் பற்றிக் கேட்டீர்கள். அது இங்கே பிரச்சினையே இல்லை. பருப்பும் தயிரும் பனீரும் போதும், அளவாக இல்லாமல் நிறையச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் வாதாடப் போவதில்லை. இந்தப் பதிலை அவரிடம் காட்டவும் வேண்டாம், கதை எழுதுகிறவள் சொன்னாள் என்பார். ஸ்கேன் எடுத்தால் அந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அதில் எண் இருக்கும், எண் என்றால் நம்புவார்.